சிவப்பு லேசர் காட்டினால் ஸ்டெம் செல் பெருகி முழங்கால் சரியாகுமா?

வாசகர் கடிதம்: "டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டை, வேலை சிங்கப்பூரில். ஆத்தாவுக்கு 67 வயது. ஊர் வீட்டில்தான் இருக்கிறார்கள், துணைக்கு ஒரு வேலைக்கார அம்மா மட்டும். ஒரு காலத்தில் தைப்பூசத்துக்குப் பழனி வரை நடந்து போனவர்கள், இப்போது முகப்புப் படி இறங்கவே ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு முழங்காலும் தேய்மானம், எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் மூன்றாம் நிலை என்று போட்டிருக்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள். 2016-இல் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகி இப்போது நன்றாக இருக்கிறார்கள். ஒரு கிளினிக்கில், வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து முழங்காலில் ஊசியாகப் போட்டு, அதன் மேல் 20 சிட்டிங் சிவப்பு லேசர் காட்டினால் செல்கள் பெருகி, தேய்ந்த ஜவ்வு திரும்ப வளரும் என்கிறார்கள். மொத்தம் மூன்றரை லட்சம். நோட்டீஸில் ஆராய்ச்சிப் படமெல்லாம் இருக்கிறது. ஒளியால் ஸ்டெம் செல் வளர்வது உண்மையா? வளர்ந்தால் பழைய புற்றுநோயும் சேர்ந்து வளர்ந்துவிடாதா? சித்தப்பா மகன் ஆன்லைனில் ஒரு எல்இடி முழங்கால் பெல்ட் வாங்கிக் கொடுத்திருக்கிறான், அதைக் கட்டலாமா? வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா?"

தம்பி,

அவசரமானது உங்கள் கடைசிக் கேள்விதான், அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்ட வேண்டாம். வெள்ளிக்கிழமை என்று கெடு வைத்தால் அந்த வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கள், மூட்டுத் தேய்மானம் பல வருடமாக வந்த நோய், ஒரு வாரத்தில் எதுவும் கைமீறிப் போகாது.

ஏன் கட்ட வேண்டாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும். அந்த நோட்டீஸில் இருப்பது முழுப் பொய்யாக இருந்திருந்தால் நீங்களே கிழித்துப் போட்டிருப்பீர்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது, நல்ல அறிவியல்கூட இருக்கிறது, அந்தப் பாதியைக் காட்டித்தான் மீதிப் பாதியை விற்கிறார்கள். நான் மறுவாழ்வு மருத்துவத்தில் இருப்பவன், வலிக்கு லேசர் வைப்பது என் அன்றாட வேலையில் ஒன்று, அதனால் ஒளி சிகிச்சையே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். எது வரைக்கும் உண்மை, எந்த இடத்தில் உண்மை நின்றுபோகிறது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

1960-இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார், அது ரூபிக் கல்லில் இருந்து வந்த சிவப்பு ஒளி. சில வருடம் கழித்து ஹங்கேரியில், புடாபெஸ்ட் நகரத்தில், எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் இந்த ஒளி பட்டால் புற்றுநோய் வருமா என்று பார்ப்பதற்காகச் சுண்டெலிகளின் முதுகை மழித்து, ஒரு பாதி எலிகளுக்குப் பலம் குறைந்த ரூபி லேசரைக் காட்டினார். புற்றுநோய் வரவில்லை. ஆனால் ஒளி பட்ட எலிகளுக்கு மழித்த முடி சீக்கிரம் வளர்ந்துவிட்டது. இதை அவர் 1967-இல் வெளியிட்டார், அப்புறம் ஆறாத புண்களுக்கும் அதே ஒளியை வைத்துப் பார்த்தார். சுடாத, வெட்டாத, பலம் குறைந்த ஒளி உடம்பில் ஏதோ செய்கிறது என்ற எண்ணம் அங்கேதான் ஆரம்பித்தது. இப்போது இதற்கு ஃபோட்டோபயோமாடுலேஷன் என்று பெயர், பழைய ஆட்கள் லோ லெவல் லேசர் என்றே சொல்வார்கள்.

அந்த ஏதோ என்ன என்றால், செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறதே, செல்லுக்கு வேண்டிய சக்தியான ஏடிபியைத் தயாரிக்கும் பகுதி, அதற்குள் சைட்டோக்ரோம் சி ஆக்சிடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. சிவப்பு ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் சிவப்புக்கு அருகில் உள்ள பகுதியையும் அது உறிஞ்சிக்கொள்ளும். ரஷ்ய ஆராய்ச்சியாளர் டீனா கரு இதைப் பற்றிப் பல வருடம் வேலை செய்திருக்கிறார். களைத்துப்போன செல்லில் நைட்ரிக் ஆக்சைடு அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு ஆக்சிஜன் சேர விடாமல் தடுக்கும், ஒளி பட்டதும் அது விலகி, ஏடிபி கூடும், கூடவே செல்லுக்குள் சில ரசாயன சைகைகள் கிளம்பும் என்பதுதான் பெரும்பாலோர் இப்போது சொல்லும் விளக்கம். இது மட்டும்தான் வழி என்று யாரும் அடித்துச் சொல்வதில்லை, ஒளிக்குத் திறக்கும் கால்சியம் வாசல்கள் பற்றியும் வேலை நடக்கிறது.

ஸ்டெம் செல், அதாவது பெருகவும் வேறு வகை செல்லாக மாறவும் கூடிய மூல செல், அதற்கு இதில் என்ன விசேஷம்? எலும்பு மஜ்ஜையிலும் கொழுப்பிலும் இருக்கும் ஸ்டெம் செல்கள் சாதாரணமாக ஆக்சிஜன் குறைந்த மூலைகளில் சும்மா ஒதுங்கிக் கிடப்பவை. அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவைத் தட்டிவிட்டால் அந்த ஓய்வை விட்டு வெளியே வந்து பெருகவோ வேறு வகை செல்லாக மாறவோ தொடங்கலாம் என்று ஹார்வர்டில் இருந்த மைக்கேல் ஹாம்ப்ளின் போன்றவர்கள் சொன்னார்கள். ஆய்வகத்தில் இதற்கு ஆதாரமும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்கில் ஹைடி ஆப்ரஹாம்சே குழுவினர் மனிதக் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களுக்கு 635 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசரை, சதுர சென்டிமீட்டருக்கு 5 ஜூல் ஆற்றல் வீதம் காட்டி, செல்கள் உயிர்ப்போடு பெருகுவதை 2008-இல் வெளியிட்டார்கள். இது போல இன்னும் நிறைய வேலை வந்திருக்கிறது. ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில் ஆமாம்தான், ஆய்வகத் தட்டில் வளர்கிறது.

ஆனால் எல்லா ஒளிக்கும் வளர்வதில்லை, அளவு கூடினால் வளர்வதில்லை. நோட்டீஸ் அடிக்கிறவர்கள் எழுதாமல் விடுவது இதைத்தான்.

ஹாம்ப்ளின் குழு அதே கொழுப்பு ஸ்டெம் செல்லில் நான்கு நிற ஒளியை ஒப்பிட்டுப் பார்த்தது. 660 நானோமீட்டர் சிவப்பும் 810 அகச்சிவப்பும் செல்லைப் பெருக்கின. 415 நீலமும் 540 பச்சையும் பெருக்கத்தைக் குறைத்தன, ஆனால் அந்த நீலமும் பச்சையும்தான் செல்லை எலும்பு செல் பக்கம் திருப்புவதில் முன்னால் நின்றன. எண்ணிக்கை கூடுவது ஒரு விஷயம், நமக்கு வேண்டிய வகை செல்லாக மாறுவது இன்னொரு விஷயம் என்று இதிலிருந்தே தெரிகிறது இல்லையா? முழங்காலுக்குள் வெறும் எண்ணிக்கை கூடி என்ன பயன், அது குருத்தெலும்பாக, அதாவது நீங்கள் சொல்லும் ஜவ்வாக அல்லவா மாற வேண்டும், மாறிச் சரியான இடத்தில் ஒட்டி, உங்கள் அம்மா, அந்த ஆச்சி, நடக்கும்போது முழு எடையையும் தாங்க வேண்டும்.

அளவைப் பற்றி: காயப்பட்ட தோல் செல்களில் ஜோகன்னஸ்பர்க் குழுவே செய்த சோதனையில் 5 ஜூல் செல்லுக்கு உதவியது, அதே ஒளி 16 ஜூல் ஆனதும் செல்லைக் கெடுத்தது. குறைந்தால் ஒன்றும் நடக்காது, ஒரு சின்ன இடைவெளியில் நன்மை, அதைத் தாண்டினால் எதிர்விளைவு. இந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அதனால் லேசர் வைக்கிறேன் என்று சொல்பவரிடம் எத்தனை சிட்டிங் என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. எத்தனை நானோமீட்டர், எத்தனை மில்லிவாட், ஒரு புள்ளிக்கு எத்தனை விநாடி, அதாவது எத்தனை ஜூல் என்று கேட்க வேண்டும். கணக்கு சுலபம்: 100 மில்லிவாட் லேசரை 40 விநாடி வைத்தால் 4 ஜூல். வைக்கிறவருக்கு இந்தக் கணக்கு வாயில் வர வேண்டும். "எல்லாம் மிஷினே செட் பண்ணிக்கும்" என்றால் எழுந்து வந்துவிடலாம்.

சரி, தட்டில் நடந்தது முழங்காலுக்குள் நடக்குமா? ஆய்வகத் தட்டில் செல்கள் ஒரே அடுக்காகப் பரவியிருக்கும், மேலே மெல்லிய திரவம், ஒளி நேராகப் போய் விழும். நம்மூர் வீட்டு நடு முற்றமான வளவில் நடுப்பகல் வெயில் விழுவதற்கும் அதே வெயில் இரண்டாங்கட்டைத் தாண்டி உள்ளறைக்குள் எட்டிப் பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவு வித்தியாசம் தட்டில் விழும் ஒளிக்கும் மூட்டுக்குள் போய்ச் சேரும் ஒளிக்கும். தோல், கொழுப்பு, மூட்டுறை என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் உறிஞ்சி, கொஞ்சம் சிதறடித்து, உள்ளே போவது மேலே வைத்ததில் ஒரு சிறு பங்குதான். நம் நிறத்துத் தோலில் நிறம் தரும் மெலனின் அதிகம், அது அகச்சிவப்பை விடச் சிவப்பு ஒளியைத்தான் கூடுதலாகத் தடுக்கும். ஆகவே ஆழமான மூட்டுக்கு வெறும் சிவப்பைக் காட்டுவது, அதுவும் மாநிறத்துக்கு மேற்பட்ட தோலில், முதல் படியிலேயே தவறான தேர்வு. மூட்டுக்கு என்றால் 800-க்குப் பக்கத்திலோ 904 நானோமீட்டரோ உள்ள அகச்சிவப்பைத்தான் எடுப்பார்கள், அது கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியாது. நோட்டீஸில் முழங்கால் செக்கச்செவேல் என்று மின்னுகிறதா? படத்துக்கு அழகுதான்.

ஒளி நேராக எட்டுகிற இடத்தில் நல்ல காரியம் நடந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2014-இல் பிரவீண் அரனி, டேவிட் மூனி ஆகியோர் ஹார்வர்டில் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது: எலியின் பல்லில் துளையிட்டு, உள்ளே கூழ்ப்பகுதிக்கு 810 நானோமீட்டர் லேசரைக் காட்டினார்கள், வெளியிலிருந்து ஸ்டெம் செல் எதையும் போடவில்லை, அங்கே ஏற்கெனவே இருந்த ஸ்டெம் செல்களே டிஜிஎஃப் பீட்டா என்ற வளர்ச்சிப் புரதம் தூண்டப்பட்டு டென்டின் என்ற பல்பொருளை உண்டாக்கத் தொடங்கின. எந்த ஒளி, எந்த மூலக்கூறைத் தொட்டு, எந்தச் சைகை வழியாக இதைச் செய்தது என்று ஒவ்வொரு கண்ணியையும் காட்டினார்கள். ஸ்டெம் செல்லுக்கு ஒளி என்று சொன்னால் எனக்கு இந்த மாதிரி வேலைதான் நம்பிக்கை தருகிறது. ஆனால் அது எலி, அது பல், அது ஒரு பொட்டு டென்டின்.

எலியிலிருந்து மனிதருக்கு வரும்போது என்ன ஆகலாம் என்பதற்கும் இதே துறையில் உதாரணம் உண்டு. பக்கவாதம் வந்த விலங்குகளின் தலையில் அகச்சிவப்பு லேசர் வைத்து நல்ல பலன் கண்டார்கள். மனிதர்களிடம் நெஸ்ட் என்ற பெயரில் வரிசையாகச் சோதனை நடந்தது, முதலாவது நம்பிக்கையாக இருந்தது, மூன்றாவதை இடைக்கால ஆய்விலேயே பயன் தெரியவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அதைச் செய்தவர்கள் நேர்மையானவர்கள், நிறுத்தினார்கள், வெளியிட்டார்கள். உங்களுக்கு வந்த நோட்டீஸ் அந்தச் சோதனையைச் செய்யாமலேயே கல்லாவைத் திறந்து வைத்திருக்கிறது.

இனி அந்தக் கொழுப்பு ஊசி. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, செல்களும் சொற்பம், அதனால்தான் தேய்ந்தால் தானாக வளர்வதில்லை. ஸ்டெம் செல்லை உள்ளே விட்டால் அது போய்க் குருத்தெலும்பாக உட்கார்ந்துகொள்ளும் என்றுதான் முன்பு பலரும் எதிர்பார்த்தார்கள். மஜ்ஜையிலும் கொழுப்பிலும் கிடைக்கும் இந்த வகை செல்லுக்கு 1991-இல் மீசன்கைமல் ஸ்டெம் செல் என்ற பெயரைக் கொடுத்த ஆர்னால்ட் கேப்லனே 2017-இல் அந்தப் பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். உடம்புக்குள் போட்ட செல்கள் புதுத் திசுவாக மாறுவதை விட, சுற்றியுள்ள செல்களுக்குச் சைகை அனுப்புவதும் அழற்சியைத் தணிப்பதும்தான் செய்கின்றன என்பது அவர் வாதம். அப்படியென்றால் செல்லை ஒளி வைத்துப் பெருக்கி ஜவ்வை வளர்க்கிறோம் என்ற கதைக்கு அடித்தளமே ஆடுகிறது.

சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டுதலின்படி, ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தவிர, அனுமதி பெறாத எந்த ஸ்டெம் செல் சிகிச்சையையும் மருத்துவ ஆய்வாகத்தான் செய்யலாம், காசு வாங்கிக்கொண்டு சிகிச்சையாக விற்கக் கூடாது. ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் சிடிஆர்ஐ என்று ஆரம்பிக்கும் எண் வேண்டும், அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் இணையத்தில் போட்டுப் பார்க்கலாம். ஆய்வில் சேருகிறவரிடம் அந்தச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. அவர்களிடம் இதை மட்டும் கேளுங்கள்: இது ஆய்வா, சிகிச்சையா? ஆய்வு என்றால் எண் எங்கே, ஏன் மூன்றரை லட்சம்? சிகிச்சை என்றால் எந்த அனுமதி?

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் அதைக் காட்டி உங்களை மடக்குவார்கள். 2022-இல் நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இரண்டாம், மூன்றாம் நிலை முழங்கால் தேய்மானத்துக்கு ஒரு ஸ்டெம் செல் ஊசிக்கு அனுமதி கொடுத்தது. அது ஆரோக்கியமான கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து, உரிமம் பெற்ற தொழிற்கூடத்தில் வளர்த்து, பேட்ச் எண்ணோடு வரும் மருந்து. கிளினிக்கிலேயே வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, அங்கேயே சுழற்றிப் பிரித்து, எத்தனை செல் இருக்கிறது என்று எண்ணாமல் ஊசியில் ஏற்றுவதற்கு அந்த அனுமதி பொருந்தாது. லேசர் சேர்த்தால் இன்னும் பொருந்தாது. ஆச்சிக்குப் புற்றுநோய் வரலாறு இருப்பதால், அனுமதி பெற்ற ஊசியே ஆனாலும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் யோசிக்க வேண்டாம்.

நோட்டீஸில் "அமெரிக்க எஃப்டிஏ" என்று, அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் பெயரில், ஒரு முத்திரை இருந்தாலும் இருக்கும். பல லேசர் கருவிகளுக்கு எஃப்டிஏ கிளியரன்ஸ் உண்டுதான், 2007-இல் முடி வளர்வதற்கான லேசர் சீப்புக்குக்கூடக் கொடுத்தார்கள். ஏற்கெனவே விற்பனையில் உள்ள கருவிக்கு இது நிகரானது என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். மூட்டு, தசை வலியைத் தற்காலிகமாகத் தணிக்க என்று கிளியரன்ஸ் வாங்கிவிட்டு, ஸ்டெம் செல் வளர்க்க என்று விற்பது அந்த முத்திரையைத் திருடுவதற்குச் சமம்.

புற்றுநோய் பற்றி நீங்கள் கேட்டது மிக நல்ல கேள்வி, மகனாக இருந்து அதை யோசித்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். நல்ல செல்லைத் தூண்டும் ஒளி கெட்ட செல்லையும் தூண்டாதா? ஆய்வகத்தில் இரண்டு மாதிரியும் முடிவு வந்திருக்கிறது, சில புற்றுநோய் செல்கள் சில அளவில் தூண்டப்பட்டன, சில அடங்கின. அதனால் நாங்கள் கடைப்பிடிக்கும் விதி, கட்டி இருக்கும் இடத்திலோ இருந்த இடத்திலோ நேராக ஒளி வைக்கக் கூடாது என்பது. அதே சமயம், புற்றுநோயாளிகளுக்கே ஒளி வைக்கும் இடமும் உண்டு: கழுத்து, வாய்ப் பகுதிக் கதிர்வீச்சு, மஜ்ஜை மாற்று சிகிச்சை எடுப்பவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகிச் சாப்பிடவே முடியாமல் போகும், அதைத் தடுக்க வாய்க்குள் லேசர் வைப்பதை மாஸ்க் என்ற உலகளாவிய புற்றுநோய் ஆதரவு மருத்துவ அமைப்பு தன் வழிகாட்டுதலில் பரிந்துரைக்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் இருப்பதிலேயே கெட்டியான பயன் அதுதான். ஆச்சிக்கு மார்பில் இருந்தது, வைப்பது முழங்காலில், வலிக்காக முறையான அளவில் வைத்தால் எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆனாலும் அவர்களுடைய புற்றுநோய் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நான் வைப்பேன். வளரும் செல்லைப் பிரித்து ஊசியாகப் போடுவது வேறு விஷயம், அதில் எனக்குக் கவலை உண்டு.

வலிக்கு லேசர் வைத்தால் பலன் உண்டா என்றால், ஓரளவு உண்டு. 2019-இல் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தவர்கள் முழங்கால் தேய்மானத்தில் போலி லேசரோடு ஒப்பிட்டுச் செய்த 22 ஆய்வுகளை, 1063 நோயாளிகள், சேர்த்துப் பார்த்தார்கள். நூறு என்ற வலி அளவுகோலில் போலி லேசரை விடச் சுமார் 14 புள்ளி குறைந்தது, சரியான அளவு வைத்த ஆய்வுகளில் இன்னும் கூடுதலாகக் குறைந்தது. அந்தச் சரியான அளவு, 785 முதல் 860 நானோமீட்டர் என்றால் ஒரு புள்ளிக்கு 4 முதல் 8 ஜூல், 904 என்றால் 1 முதல் 3 ஜூல். சிகிச்சை முடிந்த பிறகும் சில வாரம் பலன் நின்றது. வலி குறைந்தது, நடமாட்டம் கொஞ்சம் சுலபமானது, அவ்வளவுதான். வலி குறைந்த அந்த வாரங்களில் காலுக்கு உடற்பயிற்சி கொடுத்து வலுவேற்ற முடியும் என்பதற்காகத்தான் நான் லேசர் வைக்கிறேன். இதற்கு மூன்றரை லட்சம் எதற்கு? லேசர் வைத்திருக்கும் சாதாரண பிசியோதெரபி சென்டரில் சிட்டிங்குக்குச் சில நூறு ரூபாய் ஆகும்.

சித்தப்பா மகன் பாசத்தோடு வாங்கிக் கொடுத்த பெல்ட்டுக்கு வருகிறேன். எல்இடி என்பதால் மட்டம் என்றில்லை, அலைநீளமும் அளவும் சரியாக இருந்தால் எல்இடியும் வேலை செய்யும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் என்று எழுதியிருக்கிறதா? 5 மில்லிவாட் என்றால் பத்து நிமிடத்தில் 3 ஜூல், 50 என்றால் அதே பத்து நிமிடத்தில் 30 ஜூல், ஆகவே அந்த எண் இல்லாமல் அரை மணி நேரம் கட்டு என்பது குத்துமதிப்புதான். என்னுடைய பெரிய பயம் சூடு. சர்க்கரையில் காலின் உணர்வு குறைந்திருந்தால் பெல்ட் சுடுவது ஆச்சிக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், சர்க்கரைக்காரர் காலில் கொப்புளம் என்றால் அது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. முதலில் உங்கள் வீட்டு டாக்டரிடம் காட்டிக் காலில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், வேலைக்கார அம்மா பக்கத்தில் இருக்கும்போது பத்து நிமிடம் கட்டலாம், நடுவில் கையை வைத்துத் தோல் சுடுகிறதா என்று பார்க்க வேண்டும், கட்டிக்கொண்டே தூங்கக் கூடாது. உணர்ச்சி குறைவு என்றால் பெல்ட்டை அலமாரியில் வையுங்கள், தம்பி கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இப்போது ஆச்சியின் முழங்காலுக்கு நிஜமாகவே என்ன செய்யலாம் என்பதற்கு வருவோம், மூன்றரை லட்சத்தைப் பற்றிப் பேசிப் பேசி இதை விட்டுவிடக் கூடாது. தொடையின் முன்பக்கத் தசைதான் முழங்காலின் பாரத்தில் ஒரு பங்கைச் சுமக்க வேண்டியது, வலிக்குப் பயந்து நடக்காமல் இருக்க இருக்க அந்தத் தசை சுருங்கும், சுருங்கச் சுருங்க வலி கூடும். நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக நேராக நீட்டிச் சில விநாடி நிறுத்தி இறக்குவது, படுத்துக்கொண்டு முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்துவது, கையை ஊன்றாமல் உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, இந்த மூன்றையும் ஒரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து நேரில் சொல்லிக் கொடுக்கட்டும், தினமும் செய்ய வேண்டும். பழனிக்கு நடந்த கால் அது, தசைக்குப் பழக்கம் இருக்கிறது, முதல் இரண்டு வாரம் மட்டும் முணுமுணுப்பார்கள். எடை அதிகமாக இருந்தால் குறைக்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலில் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள், சர்க்கரைக்கும் அது நல்லது. வலி அதிகமான நாளில் மாத்திரைக்கு முன்னால் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவிப் பார்க்கலாம், மாத்திரையாகத் தினமும் விழுங்கினால் சர்க்கரைக்காரருக்குச் சிறுநீரகம் பாதிக்கக்கூடும்.

அப்புறம் வீடு. நம்மூர் வீடுகளில் முகப்புப் படி உயரம், நிலைப்படியும் உயரம், முகப்பிலிருந்து அடுப்படிக்குப் போவதே ஒரு நடை, ஆத்தங்குடிக் கல் ஈரமானால் வழுக்கும். முகப்புப் படியில் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி, வழுக்கும் இடத்தில் ஒட்டும் பாய், உட்கார்ந்து போகும் கழிப்பறை, அதற்குப் பக்கச் சுவரில் ஒரு கம்பி, படுக்கை கீழ்த்தளத்தில் அடுப்படிக்குப் பக்கமாக. கம்பி வைத்தால் வீட்டின் லட்சணம் போகும் என்று பங்காளிகள் யாராவது சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கீழே உட்கார்ந்து காய் நறுக்குவது, மடக்கி உட்கார்ந்து பேசுவது இரண்டையும் நாற்காலிக்கு மாற்றச் சொல்லுங்கள். குன்றக்குடி மலை ஏறுவது கொஞ்ச நாள் வேண்டாம், முருகனைக் கீழிருந்தே கும்பிடலாம். பிடிப்பதற்குக் கைத்தடி கொடுத்தால் வலி அதிகமான காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும், பலரும் அதே பக்கம் பிடிக்கிறார்கள்.

மூன்று, நான்கு மாதம் இதை ஒழுங்காகச் செய்தும் ராத்திரி தூக்கம் கெடுகிற அளவுக்கு வலி இருந்தால், அப்போது எலும்பு மருத்துவரிடம் மூட்டு மாற்று ஆபரேஷன் பற்றிப் பேசலாம். அதற்கு 67 வயது அதிகமில்லை, சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வலி தாங்காமல் ஸ்டீராய்டு ஊசி போடுவதாக இருந்தால், சில நாளைக்குச் சர்க்கரை ஏறும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

எனக்கு இரண்டு விஷயம் அனுப்புங்கள். ஒன்று, அந்த எக்ஸ்ரே நின்ற நிலையில் எடுத்ததா, படுத்த நிலையில் எடுத்ததா என்ற விவரம், படுத்து எடுத்தது என்றால் தேய்மானத்தின் நிலையைச் சரியாகச் சொல்ல முடியாது, நின்ற நிலையில் ஒன்று திரும்ப எடுக்க வேண்டும். இரண்டாவது, ஆச்சியின் கடைசி மூன்று மாத சர்க்கரை ரிப்போர்ட், ஹெச்பிஏ1சி என்று இருக்கும். காரைக்குடிப் பக்கம் வீட்டுக்கு வந்து பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட்டுகள் இருக்கிறார்கள், நீங்கள் அனுப்பும் இந்த இரண்டையும் வைத்து யாரிடம் என்ன சொல்லி அனுப்ப வேண்டும் என்று எழுதித் தருகிறேன். கிளினிக்கிலிருந்து வெள்ளிக்கிழமை போன் வந்தால் ஆச்சியை எடுக்கவிட வேண்டாம், நீங்களே பேசி அந்த சிடிஆர்ஐ எண்ணைக் கேளுங்கள்.